சாரம் கட்டும் புரதம்: நெஸ்டின் கண்டுபிடித்த கதையும் என் தம்பியின் ரிப்போர்ட்டும்

நம் சங்கத்து மலர்களில் நான் இதுவரை எழுதியவை எல்லாம் பழைய சங்கதிகள். மேல்சித்தாமூர் மடம், பொன்னூர் மலை, திருமலைக் கல்வெட்டுகள் என்று எங்கள் தமிழ்ச் சமணரின் வரலாற்றையே சுற்றிச் சுற்றி வந்தேன். இம்முறை மூளைக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "கயிறும் சாக்கும் விற்கிற நயினாருக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?" என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நான் படித்தது பழைய பதினோராம் வகுப்பு. 1979-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து, இந்த ஆண்டாப் ஹில்லில் ஒரு கோடவுனில் கணக்கெழுதி, பிறகு சொந்தக் கடை வைத்தவன். ஆனாலும் ஒரு சொல் என்னைத் துரத்தியது. அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள ஏறக்குறைய ஒரு வருஷம் படித்தேன். படித்ததை நம் குடும்பங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு ரிப்போர்ட்டில் வந்த சொல்

2016 ஜனவரியில் என் தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் கை அசையவில்லை. அந்தச் சமயத்தில் யாரோ ஒரு வண்ணக் காகிதத்தைத் தம்பி மனைவியிடம் கொடுத்தார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையாம். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல்லை எடுத்து முதுகுத்தண்டில் செலுத்தினால் செத்த நரம்பு மறுபடி முளைக்குமாம். ஒரு தடவைக்கு இரண்டரை லட்சம். மூன்று தடவை போட வேண்டும்.

நகையை அடகு வைத்து முதல் தடவை போட்டோம். கையெழுத்துப் போட்டவன் நான்தான். கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: நெஸ்டின், பாசிட்டிவ். "இது என்ன டாக்டர்?" என்று கேட்டேன். "நரம்பு உண்டாக்குற செல்லுக்கு அடையாளம் சார். உங்க தம்பியோட மஜ்ஜையிலேயே இருக்கு பாருங்க" என்றார். பச்சை நிறத்தில் ஒளிரும் ஒரு படத்தையும் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது. ஆறு மாதம் ஆயிற்று. கை அப்படியேதான் இருந்தது. இரண்டாவது தடவைக்கு ஊரிலுள்ள நிலத்தை விற்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான், விற்பதற்கு முன் அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம் எனத் தோன்றியது. சரக்கை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவது வியாபாரிக்கு அழகல்ல. அதை முதல் தடவைக்கு முன்பே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

புதிய நரம்பு பிறக்குமா?

கதை ஸ்பெயின் நாட்டில் தொடங்குகிறது. நரம்புச் செல்லின் வடிவத்தை வரைந்து காட்டிய சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மனிதரின் மூளையில் நரம்புச் செல்கள் சாகலாம், புதிதாகப் பிறப்பதில்லை என்று 1913-14 வாக்கில் அவர் எழுதினார். அவர் சொன்னதே அரை நூற்றாண்டுக்கு வேதவாக்காக நின்றது.

1962-இல் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் அதைக் கேள்வி கேட்டார். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்குத் தேவையான ஒரு மூலப்பொருளில் கதிரியக்கம் ஏற்றி எலிக்குக் கொடுத்தால், புதிதாகப் பிறந்த செல்கள் மட்டும் புகைப்படப் பூச்சில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஆல்ட்மன் அப்படிப் பார்த்தபோது வளர்ந்த எலியின் மூளையிலும் புள்ளிகள் தெரிந்தன. 1965-இல் அவரும் கோபால் தாஸ் என்பவரும் சேர்ந்து, நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் எலி பிறந்த பின்னும் நரம்புச் செல்கள் உண்டாகின்றன என்று வெளியிட்டார்கள். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆல்ட்மனுக்குப் பெரிய பரிசு ஒன்று, ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது, கிடைத்தபோது ஆண்டு 2011. கஹாலின் நாட்டிலிருந்தே அது வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

உலகம் ஏன் நம்பவில்லை? புள்ளி தெரிகிறது சரி. பிறந்தது நரம்புச் செல்தானா, அதைப் பெற்ற தாய்ச் செல் எது என்று அடையாளம் காட்ட வழியில்லை. ஆயிரம் மூட்டை கிடக்கும் கோடவுனில் முத்திரை இல்லாத மூட்டையைத் தேடுவது போல.

நானூற்றி ஒன்றாம் எண்

முத்திரை குத்தும் வித்தை 1975-இல் வந்தது. ஒரே ஒரு பொருளை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள். 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த முறையைக் கையாண்டவர்கள் சூசன் ஹாக்ஃபீல்டும் ரான் மெக்கேயும். கருவிலிருக்கும் எலியின் முதுகுத்தண்டுத் திசுவைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் உடலில் உண்டான எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவற்றுள் "ராட்-401" என்று எண்ணிட்ட ஒன்று, வளரும் நரம்பு மண்டலத்தில் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் ஆரம்பநிலைச் செல்களை மட்டும் பிடித்தது. முதிர்ந்த நரம்பைத் தொடவில்லை. இது 1985-இல் வெளியாயிற்று. அந்த ஹாக்ஃபீல்ட் அம்மையார்தான் 2004 முதல் 2012 வரை எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்தவர். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி.

பிடித்தது எதை? 1990-இல் விடை வந்தது. உர்பன் லெண்டால், லைல் சிம்மர்மன், ரான் மெக்கே மூவரும் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்துப் படித்து, அது அதுவரை அறியாத ஒரு புது வகை இழைப் புரதம் என்று காட்டினார்கள். நியூரோ எபிதீலியல் ஸ்டெம் செல் என்னும் சொற்களின் எழுத்துகளைக் கோத்து நெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். மனித நெஸ்டினின் மரபணு 1992-இல் படிக்கப்பட்டது. 1,621 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது.

கயிற்றுக் கடைக்காரன் கண்ணில்

நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குள் மூன்று வகை இழைகள் உண்டு. மெல்லியது 7 நானோமீட்டர் தடிமன், தடித்தது 25. இடையில் உள்ளது சுமார் 10. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நடுத்தர இழைக்கு இடைநிலை இழை என்று பெயர். நம் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் அந்த வகை. நெஸ்டினும் அந்த வகையே.

இந்த இழை எப்படி உண்டாகிறது என்று படித்தபோது என் கடை வேலையே எனக்கு நினைவு வந்தது. நாரைத் திரித்துப் புரியாக்குகிறோம். புரியையும் புரியையும் முறுக்கிக் கயிறாக்குகிறோம். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு புரதச் சங்கிலியும் முதலில் சுருள்படிக்கட்டு போலச் சுருள்கிறது. அதை லைனஸ் பாலிங் 1951-இல் சொன்னார். அப்படிச் சுருண்ட இரண்டு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இரட்டைப்புரி ஆகின்றன. இந்த முறுக்கைப் பிரான்சிஸ் கிரிக் 1953-இல் கணக்கிட்டுக் காட்டினார். நெஸ்டினுக்கு ஒரு குணம்: தனியாக அதனால் கயிறு திரிக்க முடியாது. 466 அமினோ அமிலங்கள் கொண்ட விமென்டின் என்னும் சிறிய புரதம் ஜோடி சேர்ந்தால்தான் முறுக்கு நிற்கும்.

இங்கே நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராயிருந்த அவர், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து தோல், தசைநாரில் உள்ள கொலாஜன் என்னும் கட்டமைப்புப் புரதம் முப்புரிக் கயிறு என்று 1954-55-இல் காட்டினார். அதற்கு உதவியது பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநார். 1963-இல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று காட்டும் அந்தப் படம் உலகமெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. நெஸ்டினின் சுருளும் அந்தப் படத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரு மூலைக்குள்தான் அடங்கும். சென்னையில் போட்ட கட்டம் அது.

இன்னொரு செய்தி என் மனசுக்கு நெருக்கமானது. பிற்காலத்தில் ராமச்சந்திரன் தருக்கக் கணிதத்தில் இறங்கி, 1980-களில் தாம் வகுத்த முறைக்கு "ஸ்யாத் நியாயம்" என்று பெயர் வைத்தார். எங்கள் சமணத்தின் ஸ்யாத்வாதத்திலிருந்து எடுத்த பெயர். ஒரு பொருளை ஒரு கோணத்தில் உண்டு என்றும், இன்னொரு கோணத்தில் இல்லை என்றும், சில வேளை சொல்ல இயலாதது என்றும் கூறலாம் என்பது அந்த வாதம். நெஸ்டின் விஷயத்தில் அது எவ்வளவு பொருந்துகிறது என்று கீழே பாருங்கள்.

சாரம் இருந்தால் கட்டடமா?

மும்பையில் குடியிருக்கும் நமக்குச் சாரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பில்டிங்கை இடித்துப் புதிது கட்டும் இடமெல்லாம் மூங்கில் நட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றை நானே எத்தனையோ கட்டு விற்றிருக்கிறேன். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். நெஸ்டினும் அப்படியே. செல் பிரிந்துகொண்டிருக்கும் வரை இருக்கும். அது நரம்புச் செல்லாக முதிர்ந்தால் நெஸ்டின் போய் நியூரோஃபிலமென்ட் வரும். நரம்புக்குத் துணையான ஆஸ்ட்ரோசைட்டாக முதிர்ந்தால் ஜி.எஃப்.ஏ.பி. என்ற வேறு புரதம் வரும். 1992-இல் கனடாவின் கால்கரியில் ரெய்னால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே பிரியும் செல்களை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தபோது, அவை மூலச் செல்கள் என்று காட்ட உதவிய சாட்சிகளில் நெஸ்டின் ஒன்று. ஆல்ட்மன் சொன்னதற்குக் கடைசியில் முத்திரை கிடைத்துவிட்டது.

ஆனால் சாரம் கட்டியிருக்கிற இடமெல்லாம் புது மாடி எழும்புகிறதா? ஒழுகும் சுவருக்குப் பூச்சு பூசவும் சாரம் கட்டுகிறார்கள். அதேபோல மூளையில் அடிபட்டால், முதிர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகளில் நெஸ்டின் திரும்ப வருகிறது. அவை பெரும்பாலும் வடுவைத்தான் கட்டுகின்றன. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் சாரம் உண்டு. மூளைப் புற்றுக் கட்டிகளிலும் நெஸ்டின் நிறையக் காணப்படுகிறது. வளரும் தசையிலும் உண்டு. எலும்பு மஜ்ஜையின் சில செல்களிலும் உண்டு! கடைசியாகச் சொன்னதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்தது பொய் அல்ல. மஜ்ஜைச் செல்லில் நெஸ்டின் இருக்கலாம். ஆனால் அது இருப்பதால் அந்தச் செல் நரம்பாக மாறும் என்று எந்தச் சாட்சியும் இல்லை. நிஜச் சொல்லை வைத்தே தவறான நம்பிக்கையை விற்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காட்டிய பச்சைப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் எலியின் மூளை என்று போட்டிருந்தது.

உண்டு, இல்லை, இரண்டும்

நெஸ்டின் இல்லாவிட்டால் மூளை வளருமா? 2010-இல் ஒரு குழு, நெஸ்டின் இல்லாத சுண்டெலிக் கருக்களில் மூலச் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் அழிகின்றன என்றது. 2011-இல் வேறொரு குழு, நெஸ்டின் இல்லாமலே மூளை ஒழுங்காக வளர்கிறது, குறை தெரிவது நரம்பும் தசையும் சேரும் இடத்தில்தான் என்றது.

மனித மூளைக்கு வருவோம். 1998-இல் ஸ்வீடனின் எரிக்சனும் அமெரிக்காவின் கேஜும், புற்றுநோயாளிகள் ஐவர் இறந்தபின் அவர்கள் மூளையை ஆராய்ந்து, பெரியவர்களிலும் புதிய நரம்புச் செல்கள் பிறக்கின்றன என்றார்கள். 2013-இல் ஸ்டாக்ஹோமின் ஃபிரிசேன் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கார்பன்-14-ஐ அளந்து, ஒவ்வொரு பக்க ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 என்று கணக்கும் சொன்னது. 2018-இல் ஒரு குழு, பெரியவர்களிடம் ஒன்றுமே தென்படவில்லை என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு, முதுமையிலும் உண்டு என்றது. 2025-இல் மறுபடி ஃபிரிசேன் குழு, பிரியும் மூலச் செல்களைப் பெரியவர்களிடம் கண்டோம், ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது என்று வெளியிட்டது.

இதில் யாரும் பொய்யர் இல்லை. ஒவ்வொருவரும் தாம் நின்ற கோணத்திலிருந்து சொன்னார்கள். இது எங்கள் அநேகாந்தம். ஆனால் அநேகாந்தம் என்றால் எதுவும் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. உண்டு என்றால் எதில் உண்டு, எவ்வளவு உண்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் காசு வாங்குவது வேறு.

நம் ஊரிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஹோமி பாபாவின் ஆதரவோடு ஒபைத் சித்திக்கி 1962-இல் உயிரியல் பிரிவைத் தொடங்கினார். அங்கே விதிதா வைத்யாவின் ஆய்வகம், மனச்சோர்வு மருந்துகளும் தைராய்டு ஹார்மோனும் எலியின் ஹிப்போகேம்பஸில் பிறக்கும் புதிய நரம்புச் செல்களை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறது. சுபா டோலேயின் ஆய்வகம், கருவில் மூளையின் பகுதிகள் எப்படி வகுக்கப்படுகின்றன என்று ஆராய்கிறது. முன்னவர் 2022-இலும் பின்னவர் 2014-இலும் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர்கள்.

இத்தனை எலிகள் செத்தனவே என்பது என் மனசை அறுக்கத்தான் செய்கிறது. உயிர்களை அறிவால் வகைப்படுத்துவது தொல்காப்பிய மரபியலும் எங்கள் ஆகமமும் ஒத்துப்போகும் இடம். அதன்படி எலி ஐம்பொறி உயிர். அவற்றின் சாவிலிருந்து வந்த அறிவை வீணாக்காமல் சரியாகச் சொல்வதாவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

எது நிரூபணம்?

ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தப் புற்று போன்ற நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது நிலைநாட்டப்பட்ட மருத்துவம். இந்தியாவில் அது 1983-இல் நம் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல். அங்கே ரத்தச் செல்லிலிருந்து ரத்தம்தான் உண்டாகிறது.

பக்கவாதத்துக்கோ? நம் நாட்டிலேயே ஐந்து மருத்துவ மையங்களில் 120 நோயாளிகளைக் கொண்டு சீட்டுக் குலுக்கிப் பிரித்தாற்போல ஆய்வு செய்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த சில வாரங்களுக்குள் சொந்த மஜ்ஜைச் செல்லை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். தீங்கு இல்லை, பயனும் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கின்றன. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் வாங்குவது முறையன்று. ஆகவே யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஆய்வா? ஆய்வானால் பதிவு எண் என்ன? ஆய்வானால் பணம் எதற்கு?

முடிவாக

இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொன்னபோது தம்பி மனைவி அழுதாள். "உங்களுக்கு நிலம்தானே பெருசு மாமா, காசுக்குப் பார்க்கிறீங்க" என்று சொல்லிவிட்டாள். நான் பதில் பேசவில்லை. கட்டிலில் கிடந்த தம்பிதான் குழறிக்கொண்டே, "போதும்ணா, எக்சர்சைஸ் பண்றேன்" என்றான். நிலம் விற்கவில்லை. அதன் குத்தகைப் பணத்தில் வீட்டுக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்துபோனார். மூன்று வருஷம் விடாமல் செய்தான். இன்றைக்குத் தடியூன்றி மார்க்கெட் வரை நடக்கிறான். பேச்சு தெளிந்துவிட்டது. இடது கை வரவில்லை.

தம்பி மனைவி இப்போதும் எப்போதாவது, "அந்த ரெண்டாவது ஊசி போட்டிருந்தா கையும் வந்திருக்குமோ மாமா?" என்று கேட்பதுண்டு. அந்த 120 பேரைப் பற்றி அவளுக்குத் திரும்பவும் சொல்வேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அடகு வைத்த நகையை 2020-இல் மீட்டுக் கொடுத்தேன். வளையல் மட்டும் இன்னும் பாக்கி.